பறவையை எண்ணுகிறார்கள், தேனீயை யார் எண்ணுவது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



பள்ளிக்கரணை சதுப்பு நிலம்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது பூநாரையும் கூழைக்கடாவும், பக்கத்தில் இருக்கிற பெருங்குடி குப்பைமேடும்தான். 2007-ல் இதில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகளைக் கணக்கெடுக்க ஜனவரியில் ஆர்வலர்கள் வருகிறார்கள். கரையோரத்துத் தும்பையிலும் எருக்கிலும் சுற்றுகிற காட்டுத் தேனீயை எண்ணத்தான் ஆள் குறைவு. அந்த வேலையை நாம் செய்யலாம் என்று சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

தேனீ என்றால் அடை, தேன், கொட்டுறது, அவ்வளவுதான்னு நினைக்கிறோம். உலகத்தில் 20,000-க்கு மேல் தேனீ வகைகள் உண்டு. பெரும்பாலானவை அடை கட்டுவதே இல்லை. ஒரு பெண் தேனீ தனி ஆளாக மண்ணிலோ காய்ந்த குச்சியிலோ வளை அமைத்து, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். (தனியாகவே குடும்பத்தை இழுக்கிறவங்க நம்ம குழுக்களிலும் இருக்கீங்க, சொல்லணுமா!)

இதில் நமக்கென்ன லாபம்? கத்தரிப் பூவைக் கவனியுங்கள். அதன் மகரந்தப் பையின் நுனியில் ஊசிமுனை அளவு ஓட்டைதான் இருக்கும். நீலக்கோட்டுத் தேனீயும், மரத்தைத் துளைக்கிற கருந்தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து 'ங்ங்'கென்று உடம்பை அதிர வைக்கும். உப்பு டப்பாவைக் குலுக்கினாற்போல மகரந்தம் கொட்டும். காய் நன்றாகப் பிடிக்கும். தேனுக்காக வளர்க்கிற அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. மாடியில் கத்தரி, தக்காளி வைத்திருக்கிறவங்க இதை மனசில் வையுங்க.

இப்போது கவலைக்குரிய விஷயத்துக்கு வருகிறோம். கரையோரத் துப்புரவு வேலையை நம் குழுக்களும் எடுத்துச் செய்கின்றன. செடியெல்லாம் வெட்டு, குச்சியைக் கொளுத்து, மண்ணை மூடி சிமெண்ட் கல் பதி என்கிறார்கள். பார்வைக்குச் சுத்தம்தான். ஆனால் வெறும் மண்மேடு நீலக்கோட்டுத் தேனீயின் வீடு, காய்ந்த கட்டை கருந்தேனீயின் வீடு. பிளாஸ்டிக்கை அள்ளுங்க, அதில் இரண்டாவது பேச்சே இல்லை. எந்த மேட்டை விட்டுவைக்கணும்னு கேட்டு வாங்கத்தான் நம்மிடம் கணக்கு வேணும்.

கணக்கெடுப்பது கஷ்டமில்லை. வெயில் ஏறின பிறகு, காற்று அதிகமில்லாத காலையில், ஒரே பாதையில், ஒரே வேகத்தில் அரை மணி நேரம் நடக்கணும். எந்தப் பூவில் எந்த மாதிரி தேனீ, எத்தனை என்று நோட்டில் எழுதணும். மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, கொசுத்தேனீ, கருந்தேனீ, நீலக்கோடு, இலைவெட்டி என்று ஏழு கட்டம் போதும். எட்டாவது கட்டம் 'தெரியாத சிறு தேனீ'. பொடித் தேனீக்களை வகை பிரிக்கப் பூச்சியியல் படித்தவர்களுக்கே மைக்ரோஸ்கோப் தேவைப்படும், அதனால் கூச்சப்படாமல் அதில் எழுதுங்க. ஒண்ணுமே வரலைன்னாலும் சைபர் போடணும். கூட்டத்துக்கு வராதவங்க பேரையும் மினிட் நோட்டில் எழுதுறோமில்ல, அதுபோலத்தான். ரோஜா இலையில் வட்டமாகக் கத்தரித்த அடையாளம் இருந்தால் அது இலைவெட்டியின் வேலை, மருந்து அடிக்காதீங்க.

வலை போட்டுப் பிடிக்கவோ, சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கவோ வேண்டாம். அது ஆராய்ச்சிக்காரர்கள் அனுமதி வாங்கிச் செய்கிற வேலை. காப்புக்காட்டுக்குள்ளும் வனத்துறை அனுமதியில்லாமல் காலடி வைக்கக்கூடாது. சாலையோரமும் பூங்கா நடைபாதையும் நமக்குப் போதும். மலைத்தேனீ அடை தொங்கும் கட்டிடத்தின் பக்கம் மட்டும் போகாதீங்க.

குழுவுக்கு இரண்டு பேர் பெயரை ஊக்குநரிடம் கொடுத்துவிடுங்கள். நோட்டு கூட்டமைப்பு தரும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் நீங்கள் கொண்டுவரவேண்டும்.