மீட்டரும் வயதும் சொல்லாத கதை



தோட்டப்புறத்தில் மாடு வாங்கப் போன பெரியவர்கள், விற்பவர் சொல்லும் வயதை அப்படியே நம்பியதில்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். நடக்க விட்டுக் காலைப் பார்த்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பழைய கார் வாங்கப் போகிறார்கள். மீட்டரில் உள்ள எண்ணைப் பார்க்கிறார்கள். எந்த ஆண்டு வண்டி என்று கேட்கிறார்கள். அத்தோடு முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பல்லை யாரும் பார்ப்பதில்லை.

முதல் வேலைக்குப் போகும் பிள்ளைக்குக் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. பஸ் வராத தாமானிலிருந்து காலை ஷிப்டுக்குப் போக அதுதான் வழி. ஏழாண்டுத் தவணையில் வாங்கிய வண்டி மூன்றாம் ஆண்டிலேயே படுத்துவிட்டால், பட்டறைக்கும் கட்ட வேண்டும், வங்கிக்கும் கட்ட வேண்டும். ஓடாத வண்டிக்கும் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எது நல்ல வண்டி?

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வயது 6. ஒன்று கிள்ளானில் பள்ளிக்கும் சந்தைக்கும் மட்டுமே போய் வந்தது. மீட்டரில் 48,000 கிலோமீட்டர். மற்றொன்று ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் நெடுஞ்சாலையில் ஓடிய விற்பனையாளரின் வண்டி, மீட்டரில் 144,000. பத்தில் ஒன்பது பேர் முதல் வண்டியைத்தான் கேட்பார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெரிசலில் ஊர்ந்த வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், அதன் இன்ஜின் 2,400 மணி நேரம் இயங்கியிருக்கிறது. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டியின் இன்ஜின் 1,800 மணி நேரம்தான் இயங்கியிருக்கிறது. மீட்டர் தூரத்தை எண்ணுகிறதே தவிர, வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் உறுமிய நேரத்தை எண்ணுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஐந்து நிமிடம் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் இன்ஜின் முழுச் சூடு அடைவதில்லை. எண்ணெயில் கலந்த ஈரம் ஆவியாகிப் போகாமல் உள்ளேயே தங்குகிறது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் தேய்மானமும் அதிகம்.

அதற்காக அதிகம் ஓடிய வண்டியே நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சக்கர பேரிங், அப்சோர்பர் போன்றவை ஓடிய தூரத்திற்கு ஏற்பத் தேயும். அவற்றை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்க வேண்டும்.

வயது செய்யும் வேலை

ஓடாமல் நிழலில் நின்ற வண்டியும் மூப்படையும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்கள் இறுகிப்போகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளுக்குத் தயாரிப்பாளர்கள் கிலோமீட்டரை மட்டும் சொல்வதில்லை. ஆண்டுக் கெடுவும் சேர்த்தே சொல்கிறார்கள். அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகளே வளைந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். பூ தேயாத டயர்கூட வயதால் கெட்டிருக்கலாம்.

மீட்டர் பொய் சொன்னால்?

மீட்டரைப் பின்னுக்குத் திருப்பும் மோசடி டிஜிட்டல் காலத்திலும் ஒழிந்துவிடவில்லை. ஆண்டுக்கு 15,000 முதல் 20,000 கிலோமீட்டர் என்பது பொதுவான கணக்கு. 8 வயது வண்டி 50,000 காட்டினால் பொய் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் காரணம் கேட்க வேண்டும். ஸ்டியரிங் பளபளவென்று வழுக்குகிறதா? பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா? ஓட்டுநர் இருக்கையின் ஓரம் தொய்ந்திருக்கிறதா? சர்வீஸ் புத்தகத்தில் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறிவருகின்றனவா? மீட்டரைத் திருப்பியவர் இவை அத்தனையையும் திருப்பிவிட முடியாது.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் வட்டாரத்தை மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் கதையை மீட்டரும் சொல்லாது, வயதும் சொல்லாது. இருக்கைப் பட்டையை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே மறைந்திருக்கும். தரை விரிப்பைத் தூக்கித் துருவையும் பூஞ்சை வாடையையும் கவனியுங்கள்.

வண்டியைக் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பது நல்லது. ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால், குளிரூட்டும் நீர் உள்ளே கசிகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போவதற்குக் கொடுக்கும் சில நூறு ரிங்கிட், பின்னால் சில ஆயிரத்தைக் காப்பாற்றும்.

பெயர் மாற்றத்திற்கு பி5, தவணைக் கடனுக்கு பி7 என்று பரிசோதனைகள் உண்டு. அதில் தேறிய வண்டி என்றதும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழ், இன்ஜின் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

ஏமாந்தவர்கள் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. வண்டியின் பழைய வரலாற்றைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. வியாபாரியிடம் வாங்கியவர்கள், வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். விளம்பரத்தையும், மீட்டர் எண் எழுதிய ரசீதையும் பத்திரமாக வைத்திருப்பது அப்போது கைகொடுக்கும்.

ஆக, கிலோமீட்டரா வயதா என்று கேட்டால், இரண்டும் சாட்சிகள் மட்டுமே. தீர்ப்புச் சொல்பவை அல்ல. எங்கே ஓடியது, எப்படி ஓடியது, யார் பராமரித்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். பதில் கிடைக்காத வண்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிட்டு வருவதே லாபம்.