பாரசீகர் – கிரேக்கர் யுத்தம்: வென்றது குறியா, துடுப்பா?



இன்று நான் பேச எடுத்துக் கொண்டது இற்றைக்குச் சுமார் 2500 வருஷங்களுக்கு முன் பாரசீகருக்கும் கிரேக்கருக்கும் நடந்த யுத்தங்களைப் பற்றியாகும். அவ்வளவு பழைய கதை நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கக் கூடும். ஒரு நகரத்து ஜனங்கள் பெரியதொரு சாம்ராஜ்யத்தின் படையைத் திருப்பி அனுப்பினார்களென்றால், எதைக் கொண்டு அனுப்பினார்கள் என்று விசாரிப்பது நமக்கு அவசியமேயாகும்.

கிரேக்க தேசத்தில் டெல்பி என்ற இடத்தில் அப்போலோ சாமிக்கு ஒரு கோயிலிருந்தது. அங்கே ஒரு ஸ்திரீ ஆவேசங்கொண்டு சொன்னதே அக்காலத்தில் தெய்வ வாக்கு. கி.மு. 546ஐ ஒட்டி லிடியா தேசத்து அரசன் குரோசஸ், பாரசீக அரசன் சைரஸ் மீது படையெடுக்கலாமா என்று பொன்னும் வெள்ளியுமாய்க் கொட்டிக் குறி கேட்டான். படையெடுத்தால் ஒரு பெரிய ராஜ்யம் அழியும் என்று பதில் வந்ததாம். போனான், அழிந்தது அவன் ராஜ்யந்தான். இது நியாயமா என்று பிறகு கேட்டதற்கு, எந்த ராஜ்யம் என்று திரும்பக் கேளாதது உன் குற்றமே என்று பதில் கிடைத்ததாம். கைதேர்ந்த பத்திர எழுத்தர்கூட இவ்வளவு ஜாக்கிரதையாய் எழுத மாட்டார்! இதை எழுதி வைத்த ஹெரடோட்டஸ் நாஸ்திகரல்ல. தெய்வ வாக்கில் நம்பிக்கையுள்ளவரே.

லிடியா விழுந்ததும் ஆசியாக் கரையிலிருந்த கிரேக்க ஊர்களும் பாரசீகருக்கு அடங்கின. அவை கி.மு. 499ல் கலகம் செய்தபோது ஏதென்ஸ் நகரத்தார் 20 கப்பல்கள் அனுப்பி உதவினார்கள். கலகத்தை அடக்கிய டேரியஸ் ராஜா, ஏதென்ஸைத் தண்டிக்கக் கி.மு. 490ல் படை அனுப்பினான். ஏதென்ஸார் ஸ்பார்ட்டாவுக்கு ஆள் விட்டார்கள். மகா வீரர்களென்று பேரெடுத்த ஸ்பார்ட்டாக்காரர்களோ, பௌர்ணமி ஆகாமல் புறப்படுவது தங்கள் ஆசாரமல்ல என்றார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் மாரத்தான் வெளியில் ஏதென்ஸாரும் பிளாட்டியா என்ற சிற்றூராரும் சண்டையை முடித்து விட்டார்கள். எதிரி பௌர்ணமிக்குக் காத்திருப்பானா தோழர்களே?

அடுத்தபடியாக நடந்ததுதான் முக்கியமானது. கி.மு. 483ஐ ஒட்டி ஏதென்ஸுக்குச் சேர்ந்த லாரியம் சுரங்கத்தில் ஏராளமான வெள்ளி கிடைத்தது. அதை ஆளுக்குப் பத்து திராக்மாவாய்ப் பங்கு போட்டுக் கொள்ளலாமென்று பேச்சு நடந்தது. தெமிஸ்டோக்கிளிஸ் என்ற தலைவர், பங்கு வேண்டாம், கப்பல் கட்டுங்கள் என்றார். ஜனங்களும் கேட்டார்கள். மூன்று வருஷத்தில், டேரியஸின் மகன் செர்க்சஸ் தரைப்படையும் கடற்படையுமாய் வந்து சேர்ந்தான்.

அப்போது ஏதென்ஸார் டெல்பிக்குப் போய்க் கேட்டார்கள். ஊரை விட்டு உலகத்தின் கோடிக்கு ஓடிப்போங்கள் என்றது சாமி! இரண்டாந்தரம் மன்றாடிக் கேட்டதற்கு, மரச்சுவர் காப்பாற்றும் என்று மொட்டையாய் ஒரு பதில் வந்தது. சிலர் அதை எழுத்துக்கு எழுத்து நம்பிப் பாறைக்கோட்டையின் மேல் மரப்பலகைகளால் அடைப்புக் கட்டி உட்கார்ந்தார்கள். பாரசீகர் ஏறி வந்து அவர்களைக் கொன்று, கோயிலையும் கொளுத்தினார்கள். தெமிஸ்டோக்கிளிஸோ, மரச்சுவர் என்றால் கப்பல்தான் என்று அர்த்தம் சொல்லி, பெண்டு பிள்ளைகளை அக்கரைகளுக்கு அனுப்பி, சலாமிஸ் ஜலசந்தியில் எதிர்த்து நிற்கச் செய்தார். குறுகலான அந்த இடத்தில் பாரசீகரின் பெருங்கூட்டமான கப்பல்கள் ஒன்றோடொன்று மோதித் திணறித் தோற்றன. கப்பல்கள் இல்லாவிட்டால் அந்த வாக்குக்கு என்ன அர்த்தம் சொல்லியிருப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் நடந்த பிறகு, ஓடிப்போகச் சொன்ன அதே சாமிக்கு வெற்றியின் முதற்காணிக்கை போயிற்று. போதுமா என்று வேறு கேட்டார்களாம். ஏஜினா தீவார் பங்கு வரவில்லையென்று சாமி சொல்ல, அவர்களும் பொன்னால் நட்சத்திரங்கள் செய்து கொடுத்தார்களாம்!

உண்மையில் ஜெயித்தது யார்? கப்பலொன்றுக்கு 170 பேர் துடுப்பு வலித்தார்கள். ஏதென்ஸ் கப்பல்களில் அவர்கள் பெரும்பாலும் நிலபுலமில்லாத ஏழைகள். குதிரை வாங்கவும் கவசம் வாங்கவும் வகையில்லாததால் அதுவரை யுத்தத்தில் பெரிய இடம் பெறாதவர்கள். நகரத்தைக் காத்தது நம் கையல்லவா என்று அவர்கள் உணர்ந்த பின் நிலைமை மாறிற்று. கி.மு. 462ல் பழைய பிரபுக்கள் சபையின் அதிகாரங்களில் பெரும்பகுதி ஜனங்களின் சபைகளுக்கு வந்தது. பின்னர் பெரிகிளிஸ் காலத்தில் ஏழையும் நீதி மன்றத்தில் உட்கார முடியும்படி படி கொடுக்கப்பட்டது.

ஆனால் கணக்கு இத்தோடு முடியவில்லை. அந்த வெள்ளியை மண்ணுக்கடியில் தோண்டியவர்கள் அடிமைகள். அவர்களுக்குச் சபையுமில்லை, படியுமில்லை. பெண்களுக்கும் இல்லை. சுதந்திர யுத்தம் என்று கிரேக்கர் பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

பாரசீகரைக் காட்டுமிராண்டிகளென்றும் எண்ணி விடாதீர்கள். செர்க்சஸ் கடலுக்கு 300 சவுக்கடி கொடுக்கச் செய்தான் என்ற கதை கிரேக்கர் சொல்லும் கதை. சைரஸ் கி.மு. 539ல் பாபிலோனைப் பிடித்த பின் யூதர்கள் தங்கள் ஊருக்குத் திரும்ப அனுமதித்தான். பாரசீகக் கடற்படையிலேயே கிரேக்கர் பலர் இருந்தனர். சலாமிஸில் ஜெயித்த தெமிஸ்டோக்கிளிஸைப் பிற்காலத்தில் அவர் ஊராரே துரத்திய போது, அவருக்கு இடங்கொடுத்து மக்னீசியா ஊரின் வருமானத்தையும் விட்டவன் செர்க்சஸின் மகனான பாரசீக ராஜா!

ஆகவே தோழர்களே, வெற்றி வந்தால் அதன் பேர் யாருக்குப் போகிறது, பாடுபட்டவனுக்கு என்ன கிடைத்தது என்று எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும் கேளுங்கள் என்று கேட்டுக் கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.