மொட்டை மாடியில் ஒரு சாயப் பதிவேடு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். தலைப்பு "துணியில் சாயமும் ஓவியமும்". ஆனால் ஏன் என்னைப் பேசச் சொன்னார்கள் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். போன மாதம் மொட்டை மாடியிலிருந்து மழைத்தண்ணீர்க் குழாய் வழியாக நீலத் தண்ணீர் இறங்கி, கீழே வண்டி நிறுத்துகிற இடமெல்லாம் நீலமாகிவிட்டது. அதை ஊற்றியது நான்தான். என் மனைவி இல்லை, மூன்றாம் மாடி டீச்சரம்மா இல்லை, பிள்ளைகளும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

நான் படித்தது பி.காம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வங்கியில் கிளார்க். ஓவியம் எனக்கு வராது. ஓய்வு பெற்ற பிறகு மனைவி துணியில் பெயிண்டிங் பழகப் போனார். நான் கூடவே போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதல் புடவை அழகாக வந்தது. இரண்டு தடவை துவைத்ததும் பூவெல்லாம் வெளுத்து, பக்கத்தில் வைத்த வேட்டி ரோஸ் கலராகிவிட்டது. "இது ஏன் போகிறது, பழைய துணியில் ஏன் போகவில்லை?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. கணக்கு நேராகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்படித்தான் இதில் இறங்கினேன்.

விடையைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நம் ஊரிலேயே இருந்தது.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நாமெல்லாம் மாலையில் காற்று வாங்கப் போகிறோம். அங்கே இருக்கிற செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரம் வரை உள்ள கிராமமெல்லாம் சேர்த்து வாங்கினார்கள் என்பதும், குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்னும் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு முன்பே டச்சுக்காரர்கள் இங்கே இருந்தார்கள். பரங்கிப்பேட்டையிலும் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்தார்கள். இத்தனை பேரும் இந்தக் கரைக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் துணி. வெள்ளைத் துணி, சாயத் துணி, கையால் வரைந்த பூத்துணி.

அந்தப் பூத்துணியின் விசேஷம் என்னவென்றால், துவைக்கத் துவைக்க நிறம் பளிச்சென்று நின்றது. ஐரோப்பாவில் அன்றைக்குப் பருத்தியில் அப்படிச் செய்ய ஆளில்லை. மக்கள் இதையே வாங்க ஆரம்பித்ததும் அங்கே கம்பளி, பட்டு நெய்கிறவர்கள் சத்தம் போட்டார்கள். பிரான்ஸ் 1686-இல் இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது. 1759 வரை அந்தத் தடை இருந்தது. இங்கிலாந்தும் 1700-இல் ஒன்று, 1721-இல் ஒன்று என்று இரண்டு சட்டம் கொண்டு வந்தது. நம் கடற்கரையில் கலம் பிடித்து வரைந்த ஒரு துணிக்காக இரண்டு அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது.

இப்போது அந்த ரகசியத்தைச் சொல்கிறேன். சாயத்தைத் தூரிகையில் தொட்டுத் துணியில் பூசுவது இல்லை. அங்கேதான் நாங்கள் தப்பு செய்தோம். துணியில் வரைவது படிகாரத் தண்ணீரை. படிகாரத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. வரைந்த இடம் கண்ணுக்குத் தெரிய அதில் கொஞ்சம் பதிமுகம் கலந்துகொள்கிறோம். காய வைத்து, அலசி, பிறகு முழுத் துணியையும் சாயவேர் போட்ட தண்ணீரில் கொதிக்க விட வேண்டும். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் லேசாகத்தான் ஒட்டும். அதைச் சாணித் தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வெளுக்க வைப்பார்கள். வங்கிப் பாஷையில் சொன்னால், படிகாரம்தான் ஜாமீன் கையெழுத்து. அது இல்லாமல் துணி சாயத்துக்குக் கடன் கொடுக்காது.

இதற்கு முன்னால் இன்னொரு படி உண்டு. கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்து துணியை முக்கிக் காய வைப்பது. பால் எதற்கு என்று எனக்குச் சந்தேகம். பால் இல்லாமல் ஒரு துண்டு, பாலோடு ஒரு துண்டு என்று செய்து பார்த்தோம். பால் இல்லாத துண்டில் கோடு மை ஒற்றும் தாளில் பட்ட மாதிரி பரவிவிட்டது. பால் போட்டதில் கோடு கோடாகவே நின்றது. பாலில் இருக்கிற கொழுப்பு அந்த வேலையைச் செய்கிறது. கறுப்புக்குத் துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க வைத்த கசிமி. கடுக்காய் ஏறிய துணியில் அதை வைத்தவுடனே, கண் முன்னாலேயே கறுக்கும். நீலத்துக்கு அவுரி. நம் பழைய தென்னாற்காடு மாவட்டம் அவுரிக்குப் பேர் போனது. திண்டிவனம் பக்கம் இன்னும் பயிரிடுகிறார்கள்.

சாயவேர் என்பது இந்தக் கடற்கரை மணலில் வளர்ந்த சின்னச் செடி. இம்பூரல் என்றும் சொல்வார்கள். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற மஞ்சிட்டியை வைத்துத்தான் செய்கிறோம். அதுவும் படிகாரத்தோடு சேர்ந்தால் சிவப்பு தரும்.

இங்கேதான் நம் குடியிருப்புக்குச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். அதே துணி, அதே படிகாரம், அதே மஞ்சிட்டி எடுத்து, தண்ணீரை மட்டும் மாற்றிப் பார்த்தோம். நகராட்சித் தண்ணீரில் சிவப்பு வந்தது. பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் கொஞ்சம் வெளிறிய சிவப்பு. அதில் சிட்டிகை சிப்பிச் சுண்ணாம்பு போட்டதும் நல்ல சிவப்பு ஏறியது. நம் போர் தண்ணீரில் மட்டும் மண் நிறம். பாத்ரூம் பக்கெட்டில் படிகிற பழுப்புக் கறையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரும்பு. இரும்பு சேர்ந்தால் சிவப்பு மங்கும். அந்தக் காலத்துச் சாயக்காரர்கள் "இந்தக் கிணறுதான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்ததில் விஷயம் இருக்கிறது.

ஒவ்வொரு சோதனையிலும் ஒரு துணுக்கு வெட்டி நோட்டில் ஒட்டி, தேதி, அளவு, தண்ணீர், வெயில் எல்லாம் எழுதி வைக்கிறேன். மனைவி படம் போடுவார், நான் கணக்குப் போடுவேன். நோட்டு இதோ இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். இதை நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த முறை என்று கொஞ்ச நாள் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, 1734 வாக்கில் பாண்டிச்சேரியில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இதையே செய்திருக்கிறார். இங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம். ஓவியர் துணியில் ஒவ்வொரு கட்டம் முடிக்கும்போதும் ஒரு துண்டை வாங்கி, பக்கத்தில் விவரம் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி துணித் துண்டுகளோடு இன்றும் பாரிஸில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1742-இல் கேர்தூ என்ற பாதிரியாரும் இதே செய்முறையை விவரமாகக் கடிதம் எழுதி அனுப்பினார். 1759-இல் பிரான்ஸில் தடை நீங்கியது. அடுத்த வருடமே பாரிஸ் பக்கத்தில் ஊபர்காம்ப் என்பவர் பூத்துணி அச்சடிக்கும் தொழிற்சாலையைத் தொடங்கிவிட்டார்.

எழுதினவர் பெயர் நமக்குத் தெரிகிறது. தொழிற்சாலை வைத்தவர் பெயரும் தெரிகிறது. பாண்டிச்சேரியில் உட்கார்ந்து அந்தத் துணியை வரைந்து காட்டினவர் பெயர் தெரியவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. சிதம்பரத்தில் கிளையில் வேலை பார்த்த காலம். 1988 ஆக இருக்கும். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து கைலி நூலுக்குச் சாயம் போடுகிற ஒரு பெரியவர் சின்னக் கடன் கேட்டு வந்தார். முழங்கை வரை சாயம். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதினேன். "சாயம் போடறவன்னு எழுதுங்க தம்பி" என்றார். "அதுக்கெல்லாம் தனியா இடம் இல்லை பெரியவரே" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இடம் இருந்தது. நாலு எழுத்து கூட எழுத எனக்குச் சோம்பல். கடன் கிடைத்தது, அவரும் கட்டி முடித்தார். ஆனால் அந்தக் காகிதத்தில் அவர் கூலிதான்.

இந்தக் கலை செத்துப் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். திருப்பனந்தாள் பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கலம்காரி வரைகிறார்கள். கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயிலுக்கு வேண்டிய தொம்பை, வாசமாலை, அஸ்மானகிரி எல்லாம் அவர்கள் செய்கிற சாமான்கள். அடுத்த ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போனால் தேரில் தொங்குகிற தொம்பைகளை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அப்படியே சிவகாமி அம்மன் சன்னதியில் தலையை நிமிர்த்தி மண்டபத்துக் கூரை ஓவியங்களைப் பாருங்கள். அதில் இருப்பவர்கள் கட்டியிருக்கிற துணிகளில் எத்தனை கோடு, எத்தனை பூ என்று தெரியும்.

புதிதாகச் செய்தவர்களும் உண்டு. சென்னையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலை செய்து விற்ற பணம்தான் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் கை கொடுத்தது. ஓவியம் விற்காத காலத்தில் துணி சோறு போட்டிருக்கிறது.

இனி நீலத் தண்ணீருக்கு வருகிறேன். அது அவுரி இல்லை. கடையில் வாங்கின ரியாக்டிவ் சாயம். 1956-இல் வந்த கண்டுபிடிப்பு. உப்பும் சலவை சோடாவும் போட்டால் கொதிக்க வைக்காமலே பருத்தியோடு ஒட்டிக்கொள்ளும். சுலபம், நிறமும் போகாது. ஆனால் போட்ட சாயம் முழுவதும் துணியில் ஏறாது. மிச்சம் தண்ணீரில்தான் இருக்கும். அந்த மிச்சத்தை நான் மாடியில் ஊற்றினேன். மழைத்தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது? மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு. அது எங்கே போகிறது? நம் போருக்கு. கீழ் வீட்டு ஐயா அன்றைக்குக் கோபப்பட்டது தரையில் பட்ட கறைக்காக என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் அவர் சொன்னதன் முழு அர்த்தம் உறைத்தது. திருப்பூரில் நொய்யல் ஆறு இப்படித்தான் கெட்டது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியதாயிற்று. அங்கேயும் ஒவ்வொருத்தரும் "நம்ம ஒரு பட்டறைத் தண்ணிதானே" என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் "ஒரு பக்கெட்தானே" என்று நினைத்தேன்.

ஆகவே சனிக்கிழமை வேலையைத் தொடரலாமா, வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். தொடரலாம் என்றால் நாங்களே எங்களுக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள் இவை.

ஒன்று, கடைச் சாயம் இனிக் கிடையாது. இரண்டு, படிகாரமும் இரும்பும் தவிர வேறு உலோக உப்பு எதுவும் தொட மாட்டோம். இயற்கைச் சாயம் என்பதற்காக எல்லாமே நல்லது என்று ஆகிவிடாது. மயில்துத்தம் போட்டால் பச்சை நன்றாக வரும், ஆனால் அது விஷம். மூன்று, ஒரே சாயத் தண்ணீரில் நிறம் தீரும் வரை அடுத்தடுத்துத் துணி போடுவோம். மிச்சத்தைக் கழிவுநீர்க் குழாயில்தான் ஊற்றுவோம். மழைக்குழாய் வாயை வேலை நேரத்தில் மூடி வைப்போம், வேலை முடிந்து தரை அலசியதும் திறப்போம். நான்கு, சாயப் பாத்திரம் தனி, சமையல் பாத்திரம் தனி. சுண்ணாம்பும் சோடாவும் பிள்ளைகள் கையில் போகாது. ஐந்து, எந்த நாள் எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எங்கே விட்டோம் என்பதும் இந்த நோட்டில் இருக்கும். செயலாளர் எப்போது கேட்டாலும் காட்டுவேன்.

கீழ்த்தளத் தரையைச் சுத்தம் செய்த செலவையும், தொட்டியின் மணல், ஜல்லியை மாற்றிய செலவையும் நான் கட்டிவிட்டேன். ரசீது சங்கத்தில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்த நோட்டில் துணுக்குகளுக்குப் பக்கத்தில் செய்தவர் பெயரையும் எழுதுகிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண் வரைந்த மீன் இருக்கிறது, அவள் பெயர் இருக்கிறது. மேல் மாடிப் பாட்டி பிழிந்து காயவைத்த துண்டு இருக்கிறது, அவர் பெயரும் இருக்கிறது. தொழில் என்று தனியாக ஒரு கட்டமும் போட்டிருக்கிறேன்.

நோட்டு இங்கே மேஜை மேல் இருக்கும். கை ஈரமில்லாமல் புரட்டுங்கள். மூன்று தண்ணீரில் செய்த மூன்று சிவப்பும் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன. முதலில் அதைப் பாருங்கள், பிறகு கை தூக்குங்கள்.