பள்ளி வாசலில் ஒரு தேர்தல்: பெற்றோர் பிரதிநிதியும் கட்சியின் கடமையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நாடாளுமன்றம் தொடங்கி ஊராட்சி வரை நடைபெறும் தேர்தல்களைப் பற்றிக் கட்சி விரிவாக விவாதிக்கிறது. ஆனால் நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் அதிகமான அரசுப் பள்ளிகளில் அமைக்கப்பட வேண்டிய பள்ளி மேலாண்மைக் குழு பல கிளைகளின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவதே இல்லை. அக்குழுவுக்குப் பெற்றோர் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் நாள் எது என்பதும் பல உறுப்பினர்களுக்குத் தெரிவதில்லை. உழைக்கும் மக்களின் குழந்தைகள் படிக்கும் இடத்தில், அவர்களின் பெற்றோருக்குச் சட்டம் வழங்கியிருக்கும் பெரும்பான்மை, உரிமை கோருவார் இன்றிக் கிடக்கிறது. இந்நிலை மாற வேண்டும் என்பதே இன்றைய விவாதத்தின் மையக் கருத்து.

சட்டம் சொல்வது என்ன?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆவது பிரிவின்படி, அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் அப்பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தலித், பழங்குடி உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட பிரிவினரின் குழந்தைகளும் நலிந்த பிரிவினரின் குழந்தைகளும் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ, அந்த விகிதத்தில் அவர்களின் பெற்றோருக்கும் இடம் இருக்க வேண்டும். பதினாறு பேர் கொண்ட குழுவில் பன்னிரண்டு பேர் பெற்றோர். எட்டுப் பேர் பெண்கள். ஒன்றிய அரசின் மாதிரி விதிகளின்படி தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோர் உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். குழு இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்பட வேண்டும். மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும்.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பிற பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை மட்டுமே வழங்கும் என 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இப்பிரிவு பொருந்தவே பொருந்தாது.

இந்திய நாட்டில் வேறு எந்த அரசு நிறுவனத்திலும் பயனாளிக்கு இத்தகைய பெரும்பான்மை வழங்கப்படவில்லை. அரசு மருத்துவமனையில் நோயாளிக்கு இல்லை. நியாயவிலைக் கடையில் அட்டைதாரருக்கு இல்லை.

'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற சொல்

ஆயினும் சட்டத்தின் வாசகத்திலேயே ஓர் ஓட்டை உள்ளது. குழுவில் இடம்பெறுவோரைப் பட்டியலிடும்போது 'தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள்' என்ற சொல் உள்ளாட்சி அமைப்பை ஒட்டி முதலில் வருகிறது. பெற்றோரும் ஆசிரியரும் அதன் பின்னரே வருகின்றனர். தேர்தல் மூவருக்கும் உரியது என்றும் வாசிக்கலாம். உள்ளாட்சி உறுப்பினருக்கு மட்டும் உரியது என்றும் வாசிக்கலாம். மாதிரி விதிகளும் முக்கால் பங்கு 'பெற்றோரிலிருந்து' வர வேண்டும் என்று சொல்கின்றனவே தவிர, வாக்கெடுப்பு எவ்வாறு நடைபெற வேண்டும் என்று விவரிக்கவில்லை. அது மாநில விதிகளுக்கும் அதிகாரிகளின் சுற்றறிக்கைக்கும் விடப்பட்டது.

இந்த ஓட்டையின் வழியாகத்தான் தேர்தல் நியமனமாக மாறுகிறது. வேலை நாளில் முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் அழைக்கப்படுகிறது. கட்டட வேலைக்கோ வயல் வேலைக்கோ சென்ற தாய் வர இயலாது. வந்தால் அன்றைய கூலி போய்விடும். வந்த சிலரின் முன்னால் தலைமையாசிரியர் பெயர்களை வாசிக்கிறார். எவரும் மறுப்பதில்லை. தன் குழந்தை நாளை அதே வகுப்பறையில் உட்கார வேண்டும் என்ற அச்சம் பெற்றோரின் வாயை அடைத்துவிடுகிறது. பெண்களுக்குரிய இடங்கள் காகிதத்தில் நிரப்பப்படுகின்றன. கூட்டத்துக்குக் கணவர் வருகிறார். பின்னர் பதிவேடு வீடு தேடி வருகிறது. எழுதப்படாத பக்கத்தின் அடியில் கையொப்பமோ கைரேகையோ பெறப்படுகிறது.

முறையாக நடத்த முடியாது என்பதல்ல. 2015இல் தில்லியில் சுமார் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர். அங்கு பதினாறு பேர் கொண்ட குழுவில் பன்னிரண்டு இடங்கள் பெற்றோருக்கு உரியவை. அரசு மனம் வைத்தால், பள்ளி வளாகத்தில் வாக்குப்பெட்டி வைக்க முடியும் என்பதை அது காட்டியது.

குழுவின் கையில் இருப்பது

வெறும் ஆலோசனைக் குழுவுக்கு எதற்கு இத்தனை அக்கறை என்று சிலர் கேட்பதுண்டு. சட்டம் இக்குழுவுக்குத் தெளிவான பணிகளை வகுத்துள்ளது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது. அரசிடமிருந்தும் பிற வழிகளிலும் வரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை அவை. 22ஆவது பிரிவின்படி, குழு தயாரிக்கும் வளர்ச்சித் திட்டமே அரசின் திட்டங்களுக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் அடிப்படையாக அமைய வேண்டும்.

அறுபது குழந்தைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். சமக்ர சிக்ஷா திட்டத்தின் வரையறைப்படி, முப்பதுக்கு மேல் நூறு குழந்தைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். மின்கட்டணம், சுண்ணாம்பு, கழிப்பறைச் சுத்தம், உடைந்த குழாய் எல்லாம் அதற்குள். இத்தொகை போதாது என்று சொல்வதற்கும், வந்த தொகை எங்கே சென்றது என்று கேட்பதற்கும் ஒரே இடம் மேலாண்மைக் குழுதான்.

மதிய உணவைக் கண்காணிக்கும் பொறுப்பையும் 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள் இக்குழுவுக்கே தருகின்றன. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் தட்டில் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டியவர் அந்தக் குழந்தையின் தாய். சமைப்பவரும் பெரும்பாலும் அதே தெருவின் ஏழைப் பெண்தான். ஒன்றிய அரசு 2009இல் அவருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு மட்டும். பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அது உயர்த்தப்படவில்லை. சில மாநில அரசுகள் தம் பங்காகக் கூடுதல் தொகை வழங்குகின்றன.

2021 டிசம்பரில் உத்தராகண்ட் மாநிலத்தின் சம்பாவத் மாவட்டத்தில், தலித் பெண் சமைத்த உணவை உண்ண ஆதிக்கச் சாதி மாணவர்கள் மறுத்தனர். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் அந்தச் சமையலாளர்தான். இத்தகைய தருணத்தில் பள்ளிக் குழுவில் அமர்ந்திருப்போர் யார் என்பது சாதியக் கொடுமையை நியாயப்படுத்துவதா எதிர்ப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்ற சட்ட வாசகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளியே நிலைக்குமா என்ற கேள்வி எழுந்துள்ளது. 2014-15இல் நாட்டில் 11 லட்சத்துக்கும் அதிகமாக இருந்த அரசுப் பள்ளிகளின் எண்ணிக்கை, 2023-24இல் 10 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 2025 ஜூனில் உத்தரப் பிரதேச அரசு மாணவர் குறைந்த பள்ளிகளைப் பிற பள்ளிகளுடன் 'இணைக்க' ஆணையிட்டபோது, பெற்றோர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. மாதிரி விதிகளின்படி ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையிலான பள்ளி ஒரு கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் இருக்க வேண்டும். அந்தத் தூரம் கூடும்போது முதலில் வீட்டில் நிறுத்தப்படுபவள் பெண் குழந்தை. மூடலுக்கு எதிரான முதல் தீர்மானம் பள்ளிக் குழுவின் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பொம்மைக் குழு உள்ள இடத்தில், அதே பதிவேட்டில் மூடலுக்கான ஒப்புதலை எழுதி வாங்குவது அதிகாரிக்கு எளிது.

இரண்டு தவறான அணுகுமுறைகள்

இக்குழுக்களைப் பற்றி இடதுசாரி வட்டங்களில் நீண்ட காலமாக ஓர் ஐயம் உண்டு. அது அடிப்படையற்றதன்று. 1994இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் காலத்தில், 'சமூகப் பங்கேற்பு' என்ற முழக்கமும் குறைந்த ஊதிய ஒப்பந்த ஆசிரியர் நியமனமும் சேர்ந்தே வந்தன. அரசு கைகழுவிய பொறுப்பைப் பெற்றோரின் தலையில் ஏற்றும் கருவியாகக் குழுவைப் பயன்படுத்த இன்றும் முயற்சி நடைபெறுகிறது. கழிப்பறைக்கு நன்கொடை திரட்டுவது குழுவின் வேலையாகிவிட்டால், நிதி ஒதுக்காத அரசு தப்பித்துக்கொள்ளும். ஆனால் இந்த ஐயத்தைக் காரணம் காட்டி ஒதுங்குவது களத்தை எதிரிக்கு விட்டுக்கொடுப்பதாகும். வகுப்புவாத அமைப்புகள் அந்த நாற்காலிகளைக் காலியாக விடுவதில்லை.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சிக் காலத்தில் உயர்நிலைப் பள்ளி நிர்வாகக் குழுக்களுக்குப் பெற்றோர் பிரதிநிதிகள் உண்மையான வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அது போற்றத்தக்க ஜனநாயக அனுபவம். ஆனால் கட்சிகள் அணி கட்டி நின்றன; முடிவுகள் கட்சிகளின் செல்வாக்கை அளக்கும் அளவுகோலாக வாசிக்கப்பட்டன. எந்தக் கட்சி வென்றது என்ற கேள்வி முன்னே வரும்போது, எத்தனை குழந்தைகள் படிப்பை நிறுத்தினர் என்ற கேள்வி பின்னே தள்ளப்படும் ஆபத்து உண்டு. குழுவைக் கைப்பற்றுவது கட்சியின் இலக்காக இருக்கலாகாது. இதுவரை வாய் திறக்காத பெற்றோர் அங்கே பேசத் தொடங்கினார்களா என்பதே கட்சிப் பணியின் அளவுகோல்.

இந்தப் பிரச்சனையின் வர்க்க உள்ளடக்கத்தை வரலாறு ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 1957இல் தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான கேரள அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் நிர்வாகங்களின் விருப்பப்படியான ஆசிரியர் நியமனத்துக்குக் கடிவாளமிட்டது. உள்ளூர்க் கல்வி ஆணையங்களுக்கும் வழி செய்தது. பள்ளி நிர்வாகிகளும் நிலவுடைமையாளர்களும் சேர்ந்து நடத்திய எதிர்ப்பின் முடிவில், 1959 ஜூலை 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது. பள்ளியை யார் நிர்வகிப்பது என்ற கேள்வி அத்தனை கூர்மையானது.

குலுக்கலும் தேர்தலும்

தனியார் பள்ளிகளின் நிலை வேறு. மகாராஷ்டிரத்தின் 2011ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம், கட்டணத்தை ஆராயும் பெற்றோர்-ஆசிரியர் செயற்குழுவின் பெற்றோர் உறுப்பினர்களைக் குலுக்கல் மூலம் தெரிவு செய்கிறது. தில்லியின் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் குலுக்கல் முறையையே ஏற்றுள்ளது. நிர்வாகத்துக்கு வேண்டியவர்களைத் தவிர்க்க அது உதவலாம். ஆனால் சீட்டில் பெயர் வந்தவருக்குப் பின்னால் எவரும் நிற்பதில்லை. அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கோ வாக்களித்தோரின் வலிமை பின்னால் இருக்கிறது. பிரதிநிதிக்கும் தனிநபருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கிளைகள் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு கிளையும் தன் பகுதிப் பள்ளியில் குழு எப்போது மாற்றியமைக்கப்பட வேண்டும் என்று கேட்டறிய வேண்டும். அறிவிப்பு ஒவ்வொரு பெற்றோருக்கும் முன்கூட்டியே, அவர் அறிந்த மொழியில் கிடைக்க வேண்டும். மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளிலும், புலம்பெயர் தொழிலாளர்களின் குழந்தைகள் படிக்கும் எந்தப் பள்ளியிலும் இக்கோரிக்கைக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. கூட்டம் விடுமுறை நாளிலோ மாலையிலோ நடைபெற வேண்டும். போட்டி இருந்தால் இரகசிய வாக்கெடுப்பு வேண்டும்.

இரண்டாவதாக, மாதர் அமைப்பும் விவசாயத் தொழிலாளர் அமைப்பும் பெற்றோரிடையே முன்கூட்டியே பேச வேண்டும். படிக்காத தாய் போட்டியிடத் தயங்குவார். கணக்கைக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை என்பதை அவருக்கு உணர்த்துவது கிளையின் பணி. அவருக்குத் துணையாகத் தீர்மானத்தை எழுதித் தரவும், பதிவேட்டை வாசித்துக் காட்டவும் இளைஞர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். வாசித்துக் காட்டாத பக்கத்தில் கையொப்பம் இல்லை என்பதே அவர் கற்க வேண்டிய முதல் விதி.

மூன்றாவதாக, ஆசிரியர்களைப் பகைத்துக்கொண்டு இப்பணியை நடத்த இயலாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது 27ஆவது பிரிவு. அறுபது குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது சட்டத்தின் அட்டவணை. இவ்விரண்டையும் பெற்றோர் கோரும்போது, ஆசிரியர் சங்கத்துக்கு அதைவிட வலிமையான தோழமை கிடைக்காது.

நான்காவதாக, கோரிக்கை ஏற்கப்படாதபோது 32ஆவது பிரிவைப் பயன்படுத்த வேண்டும். எழுத்து மூலமான புகார் மீது உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். அதன் பின் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஐந்தாவதாக, கட்சி உறுப்பினர்களின் குழந்தைகள் எங்கே படிக்கிறார்கள் என்ற கேள்வியையும் தவிர்க்க இயலாது. அரசுப் பள்ளியில் குழந்தை இல்லாதவர் அப்பள்ளியின் பெற்றோர் பிரதிநிதியாக முடியாது. அருகமைப் பள்ளிக்காகப் பேசுவோர் அதன் வாசலில் பெற்றோராகவும் நிற்பது நல்லது.

தோழர்களே! இத்தேர்தலில் சுவரொட்டி இராது. வெற்றி ஊர்வலமும் இராது. ஒரு தாய் எழுந்து, 'இந்த மாதம் பருப்பு எவ்வளவு வந்தது? கணக்கைக் காட்டுங்கள்' என்று கேட்பார். அவர் அமரும்வரை அவரை எவரும் அடக்காமல் இருக்க, மற்றப் பெற்றோர் அவர் பின்னால் இருக்க வேண்டும். அப்படியொரு கூட்டம் தன் பகுதிப் பள்ளியில் நடைபெறச் செய்வதை ஒவ்வொரு கிளையும் இவ்வாண்டின் வேலைத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.