மென்பொருள் வடிவமைப்பைக் கற்பிக்கும் முறை

(நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் பிள்ளைகள் எந்தப் படிப்பைப் படித்தால் நல்ல உத்தியோகம் கிடைக்கும் என்பதைப்பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எனக்கு எழுதியிருந்தார்கள். அதனைச் சொல்லத்தக்கவர் பலர் இச்சபையிலேயே வீற்றிருக்கின்றனர். யான் பல்லாண்டுகளாக வார நாட்களிற் பொறியியற் கல்லூரி மாணாக்கர்க்கும், சனிக்கிழமைகளில் உத்தியோகத்திலிருக்கும் பொறியாளர்க்கும் மென்பொருள் வடிவமைப்பு என்னும் ஒரே பாடத்தைச் சொல்லி வருகிறவன். ஆதலின் எனக்குத் தெரிந்த அவ்வொன்றைப்பற்றி மட்டுமே பேசத் துணிந்தேன். அவ்வித்தையை எங்ஙனம் கற்பிப்பது, நம் கல்லூரிகளில் அஃது எங்ஙனம் தவறாகக் கற்பிக்கப்படுகிறது, அதில் நம் சங்கம் செய்யக்கூடியது யாது என்பதே என் விஷயம்.

நிரல் எழுதுதல் வேறு, வடிவமைத்தல் வேறு. கணினியை நோக்கி இன்னது செய்க என்று வரிவரியாக ஏவுவது நிரல் எழுதுதல். பல்லாயிரம் வரிகளையுடைய ஒரு நிரலை எத்தனை கூறுகளாகப் பிரிப்பது, எந்தக் கூறு எதனை அறிந்திருக்க வேண்டும், எதனை அறியாதிருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது வடிவமைத்தல். முன்னதிற் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். பின்னதிலுள்ள பிழையோ இரண்டு மூன்று வருஷம் கழித்து, எழுதினவன் வேறு கம்பெனிக்குப் போன பிறகு, அவன் முகத்தையே அறியாத மற்றொருவன் தலையில் விழும். செய்தவன் தன் பிழையைக் காணாமலே போய்விடுகிற ஒரு தொழிலை அவனுக்கு எப்படிக் கற்பிப்பது? இதுவே எங்கள் சங்கடம்.

இச்சங்கடம் புதிதன்று. 1968-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஜெர்மனி தேசத்துக் கார்மிஷ் என்னும் ஊரில், நேட்டோவின் விஞ்ஞானக் குழுவின் ஆதரவிற் கூடிய அறிஞர்கள், பெரிய நிரல்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை, முடிந்தாலும் பிழை மலிந்திருக்கின்றன என்று கவலையோடு விவாதித்தனர். அதற்கு நான்கு வருஷங்களுக்குப்பின், 1972 டிசம்பரில், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி மெலன் சர்வகலாசாலையிலிருந்த டேவிட் பார்னாஸ் என்பார் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒரு பட்டியலின் ஒவ்வொரு வரியிலுமுள்ள சொற்களைச் சுழற்றிச் சுழற்றி வைத்து, அவ்வாறு பிறந்த வரிகளையெல்லாம் அகராதி வரிசையில் அடுக்கும் ஒரு நிரலை அவர் உதாரணமாகக் கொண்டார். அதனை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதலாவது, வேலை நடக்கும் வரிசைப்படி பிரிப்பது: படிக்கும் கூறு, சுழற்றும் கூறு, அடுக்கும் கூறு, அச்சிடும் கூறு. இரண்டாவது, மாறக்கூடிய தீர்மானம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கூறுக்குள் மறைத்து வைப்பது. இரண்டும் ஓடும், இரண்டும் ஒரே விடையைத் தரும். ஆனால் வரிகளைக் கணினியில் சேமித்துவைக்கும் முறையை மாற்ற வேண்டுமென்று வந்தால், முதலாவதில் ஏறக்குறைய எல்லாக் கூறுகளையும் பிரித்தாக வேண்டும். இரண்டாவதில் ஒன்றைத் திறந்தாற் போதும்.

இக்கருத்தை யான் ஆதியிற் கரும்பலகையில் எழுதிப் போதித்தேன். மாணாக்கர் அழகாகக் குறிப்பெடுத்தனர். பரீட்சையில் அவ்வாறே திருப்பி எழுதி நல்ல மார்க்கும் பெற்றனர். அடுத்த பருவத்தில் அவர்கள் எழுதிய நிரல்களைப் பார்த்தேன். ஒருவராவது எதையும் மறைத்திருக்கவில்லை! குற்றம் அவர்களுடையதன்று, என்னுடையதே. பாட ஏற்பாடோ, ஒரு நிரலை எழுதி, ஒருமுறை ஓட்டிக் காட்டி, மார்க்கு வாங்கி, அப்பால் எறிந்துவிடும்படியே அமைந்திருந்தது. திரும்பத் திறக்கப்படாத நிரலுக்கு வடிவமைப்பு எதற்கு?

அதுமுதல் பாடத்தை மாற்றினேன். இப்பொழுது முதல் வாரத்தில், கும்பகோணத்து வெண்கலப் பாத்திரக்கடை ஒன்றிற்கு ரசீது போடும் நிரல் எழுதும்படி சொல்லுகிறேன். விலையின்மேல் ஒரே வரி. அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாம் வாரம், 2017 ஜூலை 1-ல் தேசமெங்கும் நிகழ்ந்ததையே அவர்கள்மேல் நிகழ்த்துகிறேன். அன்று வந்த ஜி.எஸ்.டி.யின்படி, மாகாணத்துக்குள் விற்றால் மத்திய வரி, மாநில வரி என இரண்டு; பெங்களூர் வியாபாரிக்கு அனுப்பினால் ஒருங்கிணைந்த வரி என ஒன்று. வகுப்பில் அன்று எழும் பெருமூச்சு பெரிது. வரிக் கணக்கை ரசீதிலும், தினசரி ஏட்டிலும், மாதக் கணக்கிலுமாகப் பல இடங்களிற் பெருக்கி வைத்தவர்கள் இரவெல்லாம் விழித்திருப்பார்கள்.

ஒரு வருஷம் ஒரு மாணவி மட்டும் முகமலர்ச்சியோடு இருந்தாள். வரிக்கணக்கு முழுவதையும் ஒரே கூறுக்குள் வைத்திருந்தாள். ஆயினும் சிறிது நேரத்தில் அவள் முகமும் வாடிற்று. அவளுடைய கூறு, விலையைக் கொடுத்தால் வரி என்று ஒற்றை எண்ணைத் திருப்பித் தருவதாக இருந்தது. அதனைக் கேட்டு வாங்கிய இடங்களெல்லாம் ஒற்றை எண்ணையே எதிர்பார்த்து நின்றன. சதவீதத்தை மறைத்தாளேயன்றி, வரிகள் எத்தனை என்பதை மறைக்கவில்லை. அக்கூறு வரிகளின் பட்டியலொன்றைத் தருமாறு அவளே திருத்தி எழுதினாள். ஐந்தாம் வாரம் அடுத்த மாறுதல். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத வரிகளிலிருந்த பண்டங்களிற் பெரும்பாலன 5, 18 சதவீதங்களுக்கு மாற்றப்பட்டனவல்லவா? அத்தேதிக்குமுன் விற்ற பண்டம் பின்னர்த் திரும்பி வந்தால், பழைய சதவீதப்படியே கழிவு எழுத வேண்டும். இவ்வருஷத்து மாணாக்கரில் அத்திருத்தத்தை ஒரே இடத்தில் தேதியைச் சேர்த்து முடித்தவர்களும் உண்டு. நிரலையே மறுபடி முதலிலிருந்து தொடங்கினவர்களும் உண்டு.

மேற்சொன்ன மாணவி, "ஐயா, எது மாறும் என்று முன்னமே எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அன்று என்னால் நேர்விடை கூற முடியவில்லை. எதுவும் மாறலாம் என்று எண்ணி எல்லாவற்றையும் மறைக்கப் புகுந்தாலும் நிரல் பாழாகும். 1994-ல் நால்வர் சேர்ந்து எழுதி வெளியிட்ட புகழ்பெற்ற வடிவமைப்பு நூலில் 23 மாதிரிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அதனைப் படித்த வேகத்தில் ஒரு மாணாக்கர் நூறு வரி ரசீது நிரலில் அவற்றுள் ஏழெட்டைப் பொருத்திக்கொண்டு வந்தார். முக்காலி செய்யச் சொன்னால் தேர் செய்துகொண்டு வந்ததுபோலிருந்தது. ஆகவே இப்பொழுது மாணாக்கரை நிரல் எழுதுமுன் ஒரு கடைக்கு அனுப்பி, கணக்குப்பிள்ளையிடம், "சென்ற பத்து வருஷங்களில் உங்கள் ஏட்டில் எதெது மாறிற்று?" என்று கேட்டு எழுதிவரச் செய்கிறேன். ஜோசியம் பார்ப்பதைவிட அது மேலானது.

சனிக்கிழமை வகுப்பின் தன்மை வேறு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு நேரம் உண்டு, வடு இல்லை. பொறியாளர்க்கோ வடு உண்டு, நேரம் இல்லை. மாறுதலின் துன்பத்தை அவர்களுக்கு நடித்துக்காட்ட வேண்டுவதில்லை. 2017-ல் ஜூன் மாதம் முழுவதும் வீடு செல்லாதவர் என் வகுப்பில் இருந்தனர். ஆனால் எதைச் சொன்னாலும், "எங்கள் கம்பெனியில் இது நடவாது" என்பர். தம் நிரலைக் கொண்டுவந்து காட்டவும் இயலாது; அது முதலாளியின் சொத்து, வெளியிட்டால் வேலை போகும். எனவே ஒரு வழி செய்தேன். மிகச் சிறியதென்று எண்ணித் தொடங்கிப் பல நாள் பிடித்த ஒரு மாறுதலை ஒவ்வொருவரும் நினைவிற் கொண்டு, எந்தெந்தக் கூறுகளைத் தொட நேர்ந்தது என்று பெட்டிகளாக வரைய வேண்டும். கம்பெனியின் பெயரும் பண்டத்தின் பெயரும் எழுதலாகாது. பெயரிடாத அத்தாள்களை மாற்றிக்கொண்டு, பிறர் படத்தில் எந்தத் தீர்மானம் எத்தனை பெட்டிகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயரில்லாமை அவசியம். ஒரே கம்பெனியின் மேலதிகாரியும் அவருக்குக் கீழ் வேலை செய்யும் இளைஞரும் பக்கத்திற் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது, இளைஞர் வாய் திறப்பதில்லை. பெயரில்லாத தாளின்மேல் அவ்விளைஞர் எழுதிய குற்றத்தை, அது தம்முடைய படமென்று சொல்லாமலே, அம்மேலதிகாரி ஒப்புக்கொண்டதை யான் கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஜான் ஔஸ்டர்ஹௌட் என்னும் பேராசிரியர், கட்டுரை எழுதக் கற்பிப்பதுபோலவே இப்பாடத்தைக் கற்பித்தவர். மாணாக்கர் எழுதுவர், ஆசிரியரும் சக மாணாக்கரும் படித்துக் குறை கூறுவர், மறுபடி திருத்தி எழுதுவர். 2018-ல் அவர் வெளியிட்ட நூல் அவ்வகுப்பிலிருந்தே பிறந்தது. அதில் ஒரு செய்தி: எழுத்துக்களைத் திருத்தும் நிரலொன்றை மாணாக்கர் வடிவமைக்கையில், பின்னெழுத்தை அழிக்க ஓர் ஏவல், முன்னெழுத்தை அழிக்க ஓர் ஏவல், தெரிந்தெடுத்த பகுதியை அழிக்க ஓர் ஏவல் எனத் தனித்தனியே வைத்தனராம். இன்ன இடமுதல் இன்ன இடம்வரை அழி என்னும் ஓர் ஏவலே மூன்றுக்கும் போதும் என்பது அவர் திருத்தம். இத்தகைய திருத்தம் நிரலைக் கண்ணால் படிப்பவருக்கே தோன்றும். அவர் வகுப்பு மிகச் சிறியது. நம் கல்லூரி வகுப்பிலோ அறுபது பேர். அறுபது நிரலையும் ஓர் ஆசிரியர் படிப்பதென்பது ஆகாத காரியம். யான் மாணாக்கரையே ஒருவர் நிரலை மற்றொருவர் படிக்கச் செய்கிறேன். அது பாதிப் பயனே தருகிறது.

இக்காலத்தில் நிரலை இயந்திரமே எழுதித் தருகிறதே, இப்பாடம் எதற்கு என்று வாலிபர் கேட்கின்றனர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் என் வகுப்பிலும் அஃது எழுதிய நிரல்கள் வரத்தொடங்கின. யான் தடுப்பதில்லை. ஒரு நொடியில் வருகிறது, ஓடவும் ஓடுகிறது. கவனமின்றிக் கேட்டால் அதுவும் வரியைப் பல இடங்களிற் பெருக்கித்தான் தருகிறது. எனவே, எந்தத் தீர்மானம் எந்தக் கூறில் மறைந்திருக்கிறது, ஏன் என்று எதிரில் நிறுத்தி வாய்மொழியாகக் கேட்கிறேன். முன்பு எழுதத் தெரிந்தால் முதல் உத்தியோகம் கிடைக்கும். இனிப் படித்துக் குணதோஷம் சொல்லத் தெரிந்தவனே நிலைப்பான் என்பது என் அபிப்பிராயம்.

நம் குலத்தாரிடையே இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தச்சுப்பட்டறையிலும் பொற்பட்டறையிலும் நம் முன்னோர் கற்பித்த முறை, செய்ததைக் காட்டி, குறை கேட்டு, உருக்கியோ இழைத்தோ மறுபடி செய்வதே. சர்வகலாசாலை மறந்துவிட்ட பாதி அதுவே. ஆனால் மற்றப் பாதியையும் மறைக்கலாகாது. பட்டறையில் "இப்படித்தான்" என்றார்களேயன்றி, ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு விடை சொன்னது குறைவு. மகனுக்கன்றிப் பிறர்க்கும், பெண்ணுக்கும் காட்டாது மறைத்ததும் உண்டு. வடிவமைப்பிற் காரணத்தைச் சொல்லாத திருத்தம் திருத்தமேயன்று.

ஆதலால் சபையாரிடம் ஒரு விண்ணப்பம். வருஷந்தோறும் அதிக மார்க்கு வாங்கியவர்க்குத் தங்கப்பதக்கம் அளிக்கிறோம். அப்பதக்கம் பெற்றவர் சிலர் இரண்டே வருஷத்தில் என் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து, தாம் எழுதிய நிரலைத் தாமே திருத்த இயலவில்லை என்று வருந்தியிருக்கின்றனர். அந்நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஞாயிறு காலைகளிற் பூட்டிக்கிடக்கும் நம் சங்கக் கட்டிடத்து மாடியை நிரல் படிக்கும் இடமாக்கித் தர வேண்டுகிறேன். ஒரு திரையும், மின்சார வசதியும், ஒரு நீண்ட மேஜையும் போதும். யானும் உத்தியோகத்திலுள்ள நண்பர் இருவரும் சம்பளமின்றி வரச் சம்மதித்திருக்கிறோம். முதலிற் பத்துப் பேரைச் சேர்ப்போம். அவர்களிற் பாதிப் பேரேனும் பெண்களாக இருக்கட்டும். பிற குலத்துப் பிள்ளை வந்தாலும் தடை வேண்டா. நிர்வாகக் குழு இசைந்தால் வருகிற தை மாதத்து முதல் ஞாயிறன்று, பாத்திரக்கடை ரசீதோடு தொடங்கலாம்.