தன் வீட்டில், தன் காலில்: ஏரிக்கரை முதியோரும் ஊரின் கடமையும்



முதியோர் நலம் பேசப்படும் மேடைகளில் பிள்ளைகளின் கடமையே பெரும்பாலும் முதலிடம் பெறுகிறது. அக்கடமையை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், வயது முதிர்ந்த ஒருவர் தம் வீட்டிலேயே, தம் விருப்பப்படி, எல்லாவற்றிற்கும் பிறர் கையை எதிர்பாராமல் வாழ முடிகிறதா என்பதை வாசற்படியின் உயரமும், கழிப்பறையின் தொலைவும், மாத்திரை வந்து சேரும் வழியும், உதவித்தொகை கைக்குக் கிடைக்கும் முறையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பசியாவரம் போன்ற, பழவேற்காடு ஏரியின் நீர்சூழ்ந்த ஊர்களில் இவ்வுண்மை மற்ற இடங்களைக் காட்டிலும் தெளிவாகப் புலப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட முதுமை பற்றிய அறிக்கை, நலமான முதுமையை நோயின்மையைக் கொண்டு அளக்காமல், ‘செயலாற்றல்’ என்ற அளவுகோலைக் கொண்டு அளந்தது. ஒருவர் தாம் மதிக்கும் செயல்களைச் செய்ய இயலும் நிலையே செயலாற்றல் எனப்படும். உடலுக்கும் மனத்துக்கும் உள்ள வலிமையும், அவரைச் சூழ்ந்துள்ள வீடும் தெருவும் சேவைகளும் சேர்ந்து அதனை உருவாக்குகின்றன. முழங்கால் தேய்ந்த இருவரில், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை உள்ளவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்கிறார். இருட்டில் மணலில் நடந்து செல்ல வேண்டியவர் மருமகளின் துணைக்குக் காத்திருக்கிறார். இருவருக்கும் உடல் ஒன்றுதான், சூழல் வேறு.

முதியோர் மருத்துவத்தில் இத்தற்சார்பை அளக்க இரண்டு பட்டியல்கள் வழங்கி வருகின்றன. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுதல், மலசலத்தை அடக்கிக்கொள்ளுதல், உண்ணுதல் ஆகிய ஆறும் அடிப்படைச் செயல்கள் எனப்படும். தொலைபேசியில் பேசுதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், பயணம் செய்தல், மருந்தை வேளை தவறாமல் உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் ஆகிய எட்டும், தனித்து வாழ்வதற்குத் துணைசெய்யும் செயல்கள் எனப்படும். இவ்விரண்டாம் பட்டியலை ஏரிக்கரையில் வைத்துப் பார்த்தால் பசியாவரத்தின் சிக்கல் விளங்கும். தலைமுறைகளாகப் படகையே நம்பிப் பழவேற்காட்டுக்குச் சென்றுவந்த ஊர் இது. அரசு மருத்துவமனைக்குப் பொன்னேரிவரை செல்ல வேண்டியிருந்தது. கடை, மருந்து, வங்கி, பயணம் என்ற நான்கும் நீரைக் கடப்பதைப் பொறுத்தே அமைந்ததால், ஆடும் படகில் கால் வைக்க அஞ்சும் வயது வந்தவுடனேயே, உடல் தளரும் முன்பே தற்சார்பு தளர்ந்துவிட்டது. ஊரைப் பழவேற்காட்டுடன் இணைக்கும் பாலம் இத்தடையில் ஒரு பகுதியை நீக்கும். வாசலிலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை உள்ள தொலைவை ஊர்தான் எளிதாக்க வேண்டும்.

முதியவர் சேவையைத் தேடிச் செல்வதற்கு மாறாகச் சேவையே முதியவரைத் தேடி வரவேண்டும் என்ற கருத்து தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. 1962ஆம் ஆண்டிலேயே முதியோர் உதவித்தொகை இங்குத் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் முதல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டு மருத்துவர் வ. செ. நடராசனின் முயற்சியால் முதியோருக்கெனத் தனிப்பிரிவு உருவாயிற்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகள் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வழியாக வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும், தீராத நோயின் வலியைத் தணிக்கும் சிகிச்சையும் அதில் அடங்கும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம், முதியோருக்கு நியாயவிலைக் கடைப் பொருள்களை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்லும் நோக்குடையது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்களாக இருந்தனர் என்பதால், இவற்றைச் சலுகைகள் எனக் கருதுவது பொருந்தாது. இத்திட்டங்கள் ஏரியின் மறுகரையிலும் ஒரே ஒழுங்கில் நடைபெறுகின்றனவா என்று கண்காணிப்பது ஊராட்சியின் பொறுப்பாகும்.

அரசால் செய்ய இயலாத, ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய பணிகளும் உள்ளன. விபத்துகளால் நேரும் இறப்புகளில் தவறி விழுதல் உலக அளவில் இரண்டாம் இடம் வகிப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வெள்ளத்துக்கு அஞ்சி உயர்த்திக் கட்டிய வாசலுக்கு இடையில் ஒரு படி சேர்ப்பதும், கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்துவதும், அங்கே செல்லும் வழியில் இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு எரியவிடுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. உப்புக்காற்றில் இரும்புக் கைப்பிடி விரைவில் துருப்பிடித்து உதிருமாதலால் எவர்சில்வர் கைப்பிடியே இக்கரைக்கு ஏற்றது. பார்வை மங்கியவருக்குக் கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இடுப்பளவு உயரத்தில் இழுத்துக் கட்டிய நைலான் கயிறு வழிகாட்டும். அதை உறுதியாகக் கட்டத் தெரிந்த கைகள் இவ்வூரில் வீட்டுக்கு வீடு உண்டு.

தற்சார்புக்கு மற்றொரு தூண் உழைப்பும் மதிப்பும் ஆகும். ஏரிக்குச் செல்ல இயலாதவர் நிழலில் அமர்ந்து கிழிந்த வலைக்குக் கண்ணி போட்டுக் கொடுப்பதும், கூடை சுமக்க இயலாத மூதாட்டி கருவாட்டைப் புரட்டிப்போட்டுக் காவல் காப்பதும் குடும்பத்தின் வருவாயில் சேரும் உழைப்பே. பழவேற்காட்டு மீனவரிடையே வழங்கும் ‘பாடு’ முறை, அதாவது மீன்பிடி இடங்களைச் சீட்டின்வழிப் பங்கிட்டு முறைவைத்து மீன்பிடிக்கும் ஒழுங்கு, மூத்தோரின் நினைவையும் நடுவுநிலையையும் நம்பியே நிலைத்தது. அத்தகையோரை ஊர்க்கூட்டத்தில் கேட்காமல் முடிவெடுப்பது ஊருக்கே இழப்பாகும்.

சட்டமும் இத்தற்சார்புக்குத் துணை நிற்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ்க் கோட்டாட்சியர் நிலையிலுள்ள தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கோரலாம்; பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக்கொடுத்த வீட்டை, அந்நிபந்தனை மீறப்பட்டால் மீட்கவும் வழியுண்டு. 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்பட வேண்டியதாகும்.

அக்டோபர் முதல் நாள் உலக முதியோர் நாள். மறுநாள் காந்தி பிறந்தநாளில் கிராமசபை கூடுகிறது. அச்சபையில் ஊரின் இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று தயாரித்த முதியோர் பட்டியலை வைத்து, யாருக்கு மாத்திரை வரவில்லை, யாருக்கு உதவித்தொகை நின்றது, எந்த வீட்டுக்குப் படியும் கைப்பிடியும் தேவை என்று பெயர் சொல்லிக் கேட்டு, அவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு இவ்வுரை பசியாவரத்து மக்களைக் கேட்டுக்கொள்கிறது.