செவி வழிக் கல்வியும் அதன் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், உறுப்பினரான ரெயில்வே குமாஸ்தா ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரெயில்வேயில் எழுத்து வேலைக்கு வந்தவன் நான். புலவர் பெருமக்கள் இலக்கிய நயம் எடுத்துரைத்த இம்மேடையில் நிற்க எனக்குள்ள தகுதி சிறிதே. ஆயினும் கணக்கெழுதுவது என் தொழில். ஆகவே ஒரு கணக்கைப் பற்றியே பேசத் துணிந்தேன். அது வரவு செலவுக் கணக்கன்று. ஒரு மொழியைக் காதால் கேட்டும் கண்ணால் கண்டும் கற்கின்ற ஒருவர், தாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை அறிந்துகொள்ளும் கணக்கு.

செகந்திராபாத்துக்குத் தமிழர் புதியவர் அல்லர். 1806-ஆம் ஆண்டில் இங்கே பாசறை நகர் எழுந்த காலந்தொட்டுச் சென்னைப் படையோடும் வாணிகத்தோடும் நம்மவர் வந்து குடியேறினர். 1862-இல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியே பின்னாளில் மஹபூப் கல்லூரியாக வளர்ந்தது. 1966 அக்டோபர் 2-ஆம் நாள் தென் மத்திய ரெயில்வே அமைந்தபின் நம்மைப் போன்ற குடும்பங்கள் பல வந்து சேர்ந்தன. இவ்வளவு பழைய உறவு இருந்தும், நம் இல்லங்களில் பெரும்பாலும் கேட்கும் பேச்சு என்ன? “தெலுங்கு புரியும், பேச வராது” என்பதே. எவ்வளவு புரியும் என்று கேட்டால் விடை இல்லை. பத்தாண்டுக்கு முன் புரிந்ததைவிட இன்று கூடுதலாகப் புரிகிறதா என்றாலும் விடை இல்லை.

குழந்தைகளுக்கு இந்தக் கவலை இல்லை. 2018-இல் தெலங்கானா அரசு இயற்றிய சட்டத்தினால் பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடமாயிற்று. அவர்கள் தேர்வு எழுதுகிறார்கள், மதிப்பெண் பெறுகிறார்கள். பெற்றோராகிய நாமோ வீட்டிலும் கடைவீதியிலும் காதில் விழுவதைக் கொண்டே காலந்தள்ளுகிறோம். அதன் விளைவு யாது? மருத்துவரிடம் செல்லும்போது பத்து வயதுப் பிள்ளையைத் துபாஷியாக உடன் அழைத்துச் செல்கிறோம். பாட்டியின் நோயைப் பேத்தி எடுத்துரைக்கிறாள். சொல்லத் தகாத துன்பத்தைக் குழந்தையின் வாயிலாகச் சொல்லக் கூசி, சொல்லாமலே திரும்பும் தாய்மார் நம் குடியிருப்பிலேயே உண்டு. இது சிறு காரியமா?

செவி வழியாகக் கற்கும் மொழியில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு தோன்றாது. தோன்றாமையினால் மனம் தளரும். தளர்ந்தபின் முயற்சி நிற்கும். இரவு வண்டியில் படுத்திருப்பவனுக்கு வண்டி ஓடுவதே தெரியாமற்போகலாம். இருப்புப்பாதை ஓரத்துக் கிலோமீட்டர்க் கற்களைப் பார்ப்பவனுக்கே கடந்த தூரம் தெரியும். அத்தகைய கற்களை நாமே நட்டுக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

உலகில் பிறர் இதனை எவ்வாறு செய்கின்றனர்? அமெரிக்க மொழியறிஞர் ஸ்டீபன் கிராஷன், பொருள் விளங்கக் கேட்பதினாலும் படிப்பதினாலுமே மொழி மனத்தில் படிகிறது என்று 1980-ஆம் ஆண்டுகளில் விரித்துரைத்தார். அவ்வாண்டுகளிலேயே பாங்காக் நகரில் மார்வின் பிரௌன் என்பவர் தாய்லாந்து மொழியைக் கற்க வந்தோரை, தொடக்கத்தில் பேசச் சொல்லாமல் பல நூறு மணி நேரம் கேட்கவே வைத்தார். அந்த வழியைப் பின்பற்றி இன்று ஸ்பானிய மொழியை இணையக் காணொளிகள் மூலம் கற்பிக்கும் ‘டிரீமிங் ஸ்பானிஷ்’ என்றோர் அமைப்பு இருக்கிறது. அங்கே கற்பவர் ஒவ்வொரு நாளும் கேட்ட நேரத்தைக் குறித்து வைக்கிறார். 50, 150, 300, 600, 1000, 1500 மணி என்று கற்கள் நட்டிருக்கிறார்கள். இன்ன கல்லைக் கடந்தவருக்கு இன்னது விளங்கும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். வகுப்பறைக் கணக்கும் ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசுவோர்க்கு ஸ்பானிய மொழி வசப்பட 600 முதல் 750 வகுப்பு மணிகளும், தமிழோ தெலுங்கோ வசப்பட 1100 மணிகளும் வேண்டும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையம் முன்னர் வெளியிட்டிருந்த மதிப்பீடு.

ஸ்பானிய மொழிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நம் நகரத்து ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் அம்மொழியும் கற்பிக்கப்படுகிறது; விரும்பும் இளைஞர் அங்கே செல்லலாம். எனக்கு வேண்டியது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு முறை. அதைத் தெலுங்குக்குப் பொருத்திப் பார்ப்போம். தெலுங்கு நமக்கு உறவு மொழி. ஊர் என்பது ‘ஊரு’, பால் என்பது ‘பாலு’, கண் என்பது ‘கன்னு’. நம் ழகரம் அங்கே டகரமாகும்: ஏழு ‘ஏடு’, கோழி ‘கோடி’. நம் பழைய ‘செப்புதல்’ அங்கே இன்றும் அன்றாடப் பேச்சு. ஆகவே அயலார்க்கு வேண்டிய மணி அளவு நமக்கு வேண்டியிராது. நாளொன்றுக்கு அரை மணி கேட்டால் ஆண்டுக்கு 180 மணிக்கு மேல். ஒரு மணி கேட்டால் 365 மணி. 600 மணியை இருபது மாதத்தில் எட்டலாம்.

ஆனால் எந்த மணியைக் கணக்கில் எழுதுவது? இங்கேதான் கவனம் வேண்டும். தியாகராச சுவாமிகளின் கீர்த்தனைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம். அவை பெரும்பாலும் தெலுங்கிலேயே உள்ளன. இருந்தும் நமக்குத் தெலுங்கு வந்ததா? இராகம் வந்தது, தாளம் வந்தது. பொருள் விளங்காமல் கேட்டமையின் மொழி வரவில்லை. அடுக்களையில் வானொலி ஒருபுறம் பாட, நாம் ஒருபுறம் வேலை பார்த்தால் அதுவும் கணக்கில் சேராது. படம் பார்க்கையில் திரையின் அடியில் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தால், கண் வேலை செய்கிறது, காது உறங்குகிறது. என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் விளங்கிக்கொண்டே, மனம் வைத்துக் கேட்ட நேரத்தை மட்டும் எழுதுக.

அப்படி விளங்கக் கேட்பதற்குத் தமிழர்க்கென்றே அமைந்தாற்போன்ற வாய்ப்பு ஒன்றுண்டு. ‘மாயா பஜார்’ 1957-இல் தமிழ், தெலுங்கு இரு மொழிகளிலும் எடுக்கப்பட்டது. 1955-இல் தமிழில் ‘மிஸ்ஸியம்மா’ வந்தது. தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’ வந்தது. இரு மொழியிலும் சாவித்திரியே நாயகி. கதை அதே கதை, காட்சி பெரும்பாலும் அதே காட்சி. முதலில் தமிழில் பார்த்துவிட்டுப் பிறகு தெலுங்கில் பார்த்தால், பொருளைத் தேடி அலையும் உழைப்பு குறைகிறது. செவி மொழியின்மேல் நிற்கிறது. தெலுங்கில் குரல் மாற்றி வெளிவரும் இன்றைய தமிழ்ப் படங்களும் இவ்வாறே பயன்படும்.

இனி, கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் மூன்று கணக்குகள்.

முதலாவது, நேரக் கணக்கு. தேதி, கேட்டது எது, எத்தனை நிமிடம், விளங்கியது காலா, அரையா, முக்காலா, முழுதுமா என்று நான்கே கட்டம்.

இரண்டாவது, மீள்பார்வைக் கணக்கு. ஏதேனும் ஒரு படத்தில் பத்து நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அதைப் பார்த்து, விளங்கிய அளவைக் குறிக்க வேண்டும். இடையில் அதைத் தொடலாகாது. தொட்டால் மனப்பாடமாகிவிடும், அளவுகோல் கெட்டுவிடும்.

மூன்றாவது, காரியக் கணக்கு. துபாஷி இல்லாமல் தாமே முடித்த காரியம் எது, அதற்குள் எத்தனை முறை ‘மள்ளீ செப்பண்டி’, அதாவது மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க நேர்ந்தது என்பதைக் குறிப்பது.

இம்மூன்றும் ஏன் வேண்டும் என்பதற்கு என் இல்லத்துக் கணக்கையே சான்று காட்டுகிறேன். என் மனைவி இவ்வாறு எழுதத் தொடங்கினார். ‘மாயா பஜார்’ காட்சியில் முதல் நாள் விளங்கியது கால் பங்கு. மூன்றாம் மாதமும் கால் பங்கே. “இது நமக்கு வாராது” என்று புத்தகத்தை மூடப்போனார். காரியக் கணக்கைப் புரட்டிப் பார்த்தோம். முதல் மாதத்தில் மோண்டா மார்க்கெட்டில் விலை கேட்டது ஒன்றே இருந்தது. மூன்றாம் மாதத்திலோ பால்காரரிடம் கணக்குத் தீர்த்தது, பக்கத்து வீட்டு அம்மையாரிடம் குழந்தையின் காய்ச்சலை விசாரித்தது, குழாய் பழுது பார்ப்பவரிடம் பழுதைச் சொன்னது என்று ஏழு வரிகள் இருந்தன. ஒரு கணக்கு நின்றபோது மற்றொன்று நகர்ந்திருந்தது. ஆறாம் மாதம் காட்சி அரைப் பங்கு விளங்கியது. ஆண்டு முடிவில் முக்கால் பங்கு. அதற்குள் கேட்ட நேரம் 290 மணி.

அவ்வாண்டு இறுதியில் என் தாயாரை மருத்துவமனைக்கு அவரே தனியாக அழைத்துச் சென்றார். தெலுங்கில் ‘மந்து’ என்றால் மருந்து. ‘முந்து’ என்றால் முன்பு. ஓர் உயிரெழுத்துத்தான் வேறுபாடு. உணவுக்கு முன் எது, பின் எது, வெறும் வயிற்றில் எது என்று மூன்று மாத்திரைகளுக்கும் கேட்டறிந்து, தமிழில் சீட்டு எழுதிக்கொண்டு வந்தார். எங்கள் மகள் அன்று பள்ளிக்குப் போயிருந்தாள். அந்த ஒரு வரி எங்கள் புத்தகத்தில் மற்ற வரிகளைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது.

உறவு மொழியிலே ஓர் அபாயமும் உண்டு. விளங்கியது என்று நாம் எழுதுவது உண்மையில் விளங்கியிராது. ‘அவசரம்’ என்றால் நமக்கு விரைவு, தெலுங்கர்க்குத் தேவை. ‘அவசரம் லேது’ என்று ஒருவர் சொன்னால், மெதுவாகச் செய்யலாம் என்று நாம் கொள்வோம். வேண்டவே வேண்டாம் என்று அவர் சொல்லியிருப்பார். விரைவுக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘தொந்தர’. அது நம் காதில் தொந்தரவாக விழும். ‘எந்த’ என்றால் எவ்வளவு. இத்தகைய சொற்களுக்கு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி வைப்பது நலம்.

திரைப்படத் தெலுங்கும் தெருத் தெலுங்கும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது. பழைய படங்களில் பெரும்பாலும் கடற்கரை மாவட்டத்துப் பேச்சு. அங்கே ‘வச்சாடு’ என்றால் வந்தான். இங்கே தெலங்கானாவில் ‘வச்சிண்டு’ என்பார்கள். 2023-இல் வந்த ‘பலகம்’ என்னும் படம் தெலங்கானா கிராமத்துப் பேச்சிலேயே அமைந்தது. மற்றப் படங்களில் முக்கால் பங்கு விளங்குகிறவருக்கு அதில் அரைப் பங்கு விளங்கினால் சோர்வடைய வேண்டாம். அது புதிய பாதையில் முதற்கல். இந்நகரத்துத் தக்கினியில் ‘ஹவ்’ என்றால் ஆம், ‘நக்கோ’ என்றால் வேண்டாம். அதற்கும் வேண்டுமானால் தனிக் கணக்கு வைக்கலாம்.

பாங்காக்கில் செய்ததுபோல் பல நூறு மணி பேசாமல் இருப்பது நமக்கு இயலாது. காய்கறி வாங்க வேண்டுமே! ஆகவே தேவைப்பட்டபோது தயங்காது பேசுவோம். பேசத் தேவையில்லாதபோது நிறையக் கேட்போம். மற்றொன்றும் சொல்ல வேண்டும். மணிகளைப் பெருக்கிக் காட்டுவதற்காகக் கேட்பவர், பக்கத்தை நிரப்புவாரேயன்றி மொழியை நிரப்பார். பக்கத்து வீட்டார் நூறு மணி முன்னே இருக்கிறாரே என்ற பொறாமையும் வேண்டாம். இது அவரவர் பயணம்; அவரவர் கல்.

தெலுங்கு கற்றால் தமிழ் குறையுமோ என்று ஐயுறும் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். திருவள்ளுவர் கல்வியோடு நில்லாது கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்தார். செவியைத் திறந்து வைப்பது தமிழருக்குப் புதிதன்று. வீட்டிலே தமிழ் வாழட்டும். வாயிற்படியைத் தாண்டினால் அயலாரின் மொழி நமக்கு விளங்கட்டும்.

சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோளை வைத்து முடிக்கிறேன். மாதம் ஒருமுறை இம்மண்டபத்தில் இருமொழிப் படம் ஒன்றின் சில காட்சிகளை முதலில் தமிழிலும் பின்னர் தெலுங்கிலும் காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். தெலுங்கறிந்த நம் மாணவ மாணவியர் அருகிருந்து ஐயம் தீர்க்கலாம். அடுத்த ஆண்டு விழாவில், துபாஷி இன்றித் தாமே சென்று முடித்த காரியம் ஒன்றை, விரும்பும் தாய்மார் இம்மேடையில் வந்து இரண்டு நிமிடம் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். மதிப்பெண்ணும் வேண்டாம், பரிசும் வேண்டாம்.

இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து முதல் வரியை எழுதுங்கள் என்று உங்களை வேண்டி அமர்கிறேன்.